கவர மூடறதுக்கு முன்னாடி

தம்பிக்கு,

நேத்து போன்ல நீ டொயோட்டா ப்ரோபாக்ஸ் வண்டியோட என்ஜின் பத்தி சொன்னப்ப லைன் விட்டு விட்டு கேட்டுச்சு, பாதி புரியல, அதான் உக்காந்து எழுதறேன். மாண்டலேல சொந்தமா ஒர்க்‌ஷாப் போட்டு நீ இறக்கற மொத முழு என்ஜின், அம்மா பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேந்துகிட்டா, எனக்கு கிராங்கையும் கேமையும் சேத்து ஓட்டற அந்த டைமிங் செயின் நெனப்பாவே இருக்கு.

ரிங், பேரிங் எல்லாம் நீ சுத்தமா போடுவ, அதுல எனக்கு பயம் இல்ல. வால்வ தொறந்து மூடற கேம் தண்டோட டைமிங் அப்படி இல்லப்பா, ஒரு பல்லு தள்ளிப் போட்டாலும் பல நேரம் வண்டி ஸ்டார்ட் ஆயிடும், ஆனா இழுக்காது, ஐட்லிங் நிக்காது, கம்ப்ரஷன் பாத்தா நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி குறைச்சலா காட்டும், நீ ரிங் சரியில்லையோன்னு மறுபடி எல்லாத்தையும் பிரிக்க ஆரம்பிப்ப. பிஸ்டன் சுத்தி விடற கிராங்க் தண்டு ரெண்டு சுத்துக்கு கேம் ஒரு சுத்து, உனக்கு தெரிஞ்சதுதான், அப்ப கேம் ஸ்ப்ராக்கெட்ல, செயின் ஓடற பல்லுச்சக்கரத்துல, 36 பல்லு இருந்தா ஒரு பல்லுங்கறது கேம்ல 10 டிகிரி, கிராங்க்ல 20 டிகிரி. சின்ன விஷயமா அது?

இது 1என்இசட் என்ஜின், ரொம்ப தள்ளிப்போச்சுன்னா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். அதனால கேம்ஷாஃப்ட்ட உக்கார வைக்கும்போது கிராங்க டிடிசியில, அதான் மொத சிலிண்டர் பிஸ்டன் உச்சியில நிக்கற எடத்துல, விடாத, கால் சுத்து தள்ளி வச்சுக்க, நாலு பிஸ்டனும் நடுவுல நிக்கும், கேம் எப்படி திரும்பினாலும் எதுவும் இடிக்காது. கேம்ஷாஃப்ட் மேல போடற கேப் மூடில நம்பரும் அம்புக்குறியும் இருக்கும், அதுபடி போட்டு எல்லா போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி டைட் பண்ணு, ஒரு பக்கத்த மட்டும் இறுக்கினா வால்வு ஸ்பிரிங் தள்ளற தள்ளுல கேம் உடைஞ்சே போகும். அப்புறம் மொத சிலிண்டர் கேம் மூக்கு, வால்வ அமுக்கற மேடு, எல்லாம் வால்வ அமுக்காம விலகி நிக்கற மாதிரி மார்க்குக்கு கொண்டு வந்துட்டு, கிராங்க தள்ளி வச்ச கால் சுத்து மட்டும் திருப்பி டிடிசிக்கு கொண்டு வா. வெளியில இருக்கற புல்லி மார்க்க நம்பாத, பழைய புல்லில ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் நகந்திருக்கும், கிராங்க் ஸ்ப்ராக்கெட்ல இருக்கற மார்க்தான் கணக்கு.

இன்டேக் பக்கம் விவிடி கியர் இருக்குல்ல, ஓடும்போது வால்வ தொறக்கற நேரத்த மாத்தறது, அதுல லாக் பின் விழுந்து கையால திருப்பினா அசையாம இருக்கணும், எந்த நிலையில நிக்கணும்னு மேனுவல்ல படத்தோட இருக்கும், அத பாக்காம கை வைக்காத. செயின்ல கலர் லிங்க் மூணையும் மூணு மார்க்குல, கேம் ரெண்டு, கிராங்க் ஒண்ணு, உக்கார வச்சு, தொய்வ இழுத்துப் புடிக்கற டென்ஷனர் இல்லாத பக்கம் செயின் விறைப்பா இருக்கணும், தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் வந்து சேரணும்.

இப்பதான் முக்கியமான இடம். டென்ஷனர விட்டதும் மார்க் சரியா இருக்குன்னு டைமிங் செயின் கவர மூடிறாத. பிளக் நாலையும் கழட்டிட்டு, என்ஜின் ஓடற திசையிலயே கிராங்க கையால முழுசா ரெண்டு சுத்து சுத்து. கேம் மூக்கு ஸ்பிரிங்க தாண்டும்போது கொஞ்சம் கனமா வந்து சட்டுன்னு லேசாகும், அது இருக்கறதுதான். ஆனா இரும்புல இரும்பு முட்டின மாதிரி நின்னுச்சுன்னா அங்கயே நிறுத்திடு, பெரிய பாரு போட்டு திருப்பவே கூடாது. ரெண்டு சுத்து முடிஞ்சு பாத்தா கலர் லிங்க் எங்கயோ போயிருக்கும், பயந்துடாத, அது மறுபடி சேர நிறைய சுத்து ஆகும், ஸ்ப்ராக்கெட் மார்க் மட்டும் சரியா வந்தா போதும். அந்த கவரு லிக்விட் கேஸ்கெட்ல ஒட்டறது, ஒட்டிட்டு அப்புறம் சந்தேகம் வந்துச்சுன்னா பிரிச்சு சுரண்டி சுத்தம் பண்ணவே பாதி நாள் போயிடும். கரண்ட் இல்லாத நேரத்துல டார்ச் வெளிச்சத்துல இந்த வேலைய செய்யாத, வெளிச்சம் வர்ற வரைக்கும் துணி போட்டு மூடி வச்சுட்டு வேற வேல பாரு.

வண்டி ஹீட் ஆகி வந்ததுன்னு சொன்னியே, அப்ப என்ஜின் மேல உக்கார்ற ஹெட்ட சமமாக்க சீவியிருப்பாங்க. ஏற்கெனவே எவ்வளவு சீவினதுன்னு அளந்து பாரு. ஹெட் கீழ இறங்க இறங்க கேமுக்கும் கிராங்குக்கும் தூரம் கொறையுது, செயின் நீளம் அதேதான், டென்ஷனர் தொய்வ இழுக்கும்போது கேம் கொஞ்சம் பின்தங்கி நிக்கும், வால்வும் பிஸ்டனுக்கு கிட்ட வந்துடும். மேனுவல் அளவ தாண்டியிருந்தா வேற ஹெட் போடலாம்னு அந்த டிரைவர்கிட்ட நேரா சொல்லிடு, டாக்ஸி ஓட்டி சாப்பிடற ஆளு, மறுபடி வண்டி நின்னா அவருக்கு அன்னன்னிக்கு வருமானம் போச்சு.

என்னோட டயல் கேஜையும் ஸ்டாண்டையும் துணில சுத்தி நாளைக்கு அவுங்மிங்கலா பஸ் ஸ்டாண்டுல ராத்திரி பஸ்ல போட்டு விடறேன், காலைல போய் எடுத்துக்க. ரெண்டு சுத்து சுத்தினதுக்கப்புறம் மார்க் மூணும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைபர்ல அனுப்பு, கேமுக்கு நேரா நின்னு எடு, சாய்ச்சு எடுத்தா சரியா இருக்கறதும் தள்ளி இருக்கற மாதிரி தெரியும். நான் பாத்து சொன்னப்புறம் கவர ஒட்டு. மொதல்ல ஸ்டார்ட் பண்ணும்போது பிளக் போடாம கொஞ்ச நேரம் செல்ஃப் மோட்டார மட்டும் அடிச்சு ஆயில் ஏத்திக்க, டென்ஷனர் நல்லா இறுக்கிப் புடிக்க ஆயில் பிரஷர் வேணும்.

அப்பா