கார்ட்ரிட்ஜ் மாற்றினால் மட்டும் லாரியின் ஏர் பிரேக் சரியாகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி பிறக்கப்போகிறது என்றாலே நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்து ஸ்பேர் கடைகளில் லாரி ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் விற்பனை சூடுபிடித்துவிடும். லாரி பிரேக் அமுக்கிய காற்றில் இயங்குகிறது. கம்ப்ரசர் டேங்கில் ஏற்றும் அந்தக் காற்றின் ஈரத்தை வழியிலேயே பிடிப்பது ஏர் டிரையர். அதில் கழற்றி மாற்றும் டப்பாதான் கார்ட்ரிட்ஜ். ஏர் டேங்கில் தண்ணீர் வருகிறதா, கார்ட்ரிட்ஜை மாற்று. ஏர் ஏற நேரமாகிறதா, அதற்கும் கார்ட்ரிட்ஜை மாற்று. இரண்டே மாதத்தில் மறுபடி தண்ணீர் வந்தால் 'டூப்ளிகேட் சாமான்' என்று கடைக்காரர் தலையில் பழி விழும். கடைக்காரருக்காக வாதாட இதை எழுதவில்லை. ஆனால் கெட்டுப்போன கார்ட்ரிட்ஜில் பெரும்பாலானவை தாமாகக் கெட்டவை அல்ல. வேறெங்கோ இருக்கும் கோளாறு அவற்றைக் கெடுத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் புதியதைப் பூட்டினால் அதுவும் பழையது போன வழியிலேயே போகும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்துக்கு அமுக்கி மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டால் மூன்று கிராம் சொச்சம்தான் ஆவியாக நிற்கும். மீதி இருபது கிராமும் தண்ணீராக இறங்கியே தீரும். 300 சி.சி. அளவுள்ள ஒற்றை சிலிண்டர் கம்ப்ரசர் விடாமல் ஒரு மணி நேரம் காற்று ஏற்றினால் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். தூத்துக்குடித் துறைமுகச் சாலையிலும், சாரல் காலத்துச் செங்கோட்டையிலும் காற்றில் ஈரம் கூடுதலாகவே இருக்கும்.

இந்தத் தண்ணீரை டிரையர் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரிந்தால் பாதிக் கோளாறு தானே விளங்கும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் குருணை மணிகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பல வண்டிகளில் மீட்டர் 8 கிலோவைத் தொட்டதும் கட்-ஆஃப் ஆகி, அதாவது டேங்குக்குக் காற்று ஏறுவது நின்று, டிரையர் அடியில் 'புஸ்' என்று காற்று வெளியேறும். அப்போது ரீஜெனரேஷன் டேங்க் என்ற சிறு டேங்கில் இருக்கும் உலர்ந்த காற்று, மணிகளின் ஊடே பின்னோக்கிப் பாய்ந்து ஈரத்தை வாரிக்கொண்டு போகும். அடுத்த முறைக்கு மணிகள் தயார். ஆக, கட்-ஆஃப் ஆனால்தான் மணிகள் காயும். லைனில் லீக் இருந்து கம்ப்ரசர் ஓயாமல் ஏற்றிக்கொண்டே இருந்தால் மணிகளுக்குக் காய நேரமே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் எந்தக் கம்பெனி கார்ட்ரிட்ஜைப் போட்டாலும் நனைந்துதான் போகும்.

எனவே கடைக்குப் போகுமுன் கையில் கடிகாரத்தோடு வண்டியைக் கவனிக்க வேண்டும். நான்குவழிச் சாலையில், கயத்தாறு தாண்டி பிரேக்கை அதிகம் தொடாமல் ஓடும்போது ஒரு 'புஸ்'ஸுக்கும் அடுத்த 'புஸ்'ஸுக்கும் எவ்வளவு நேரம், அதில் மீட்டர் முள் ஏறிக்கொண்டிருந்தது எவ்வளவு நேரம் என்று பாருங்கள். மொத்த நேரத்தில் கால் பங்குக்கு மேல் கம்ப்ரசர் ஏற்றிக்கொண்டே இருந்தால் லீக் இருக்கிறது, அல்லது கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது.

இரண்டில் எது என்பதை நிறுத்தி வைத்துப் பிரிக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, காற்றை முழுசாக ஏற்றி இஞ்சினை அணைக்கவும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கால் பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி ஒரு நிமிடம் மீட்டரைப் பார்க்கவும். அமெரிக்கச் சோதனை விதிப்படி ஒற்றை லாரிக்கு நிமிடத்துக்கு 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு), அதாவது 0.2 கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. டிரெய்லர் இணைத்த வண்டிக்கு 4 பி.எஸ்.ஐ. வரை. நம் பட்டறைக்கும் இந்தக் கணக்கு போதும். முள் நிலையாக நின்றும் காற்று ஏற நேரமாகிறது என்றால்தான் கம்ப்ரசர் பக்கம் திரும்ப வேண்டும்.

லீக் தேட சோப்புத் தண்ணீரைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை. நைலான் டியூப் ஃபிட்டிங், டேங்க் டிரெயின் வால்வு, பூஸ்டர் (காற்றால் பிரேக்கைத் தள்ளும் டப்பா) ஹோஸ், கிளட்ச் பூஸ்டர் என்று வரிசையாகப் பூசிப் பார்க்கலாம். ஓர் இடத்தை மட்டும் பலர் தவறவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்த நிலையில், கால் பிரேக்கைத் தொடாமலே பின் ரிலே வால்வின் (மிதித்ததும் பின் பூஸ்டருக்குக் காற்று விடும் வால்வு) வெளியேற்றுத் துளையில் காற்று கசிகிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டதும் நின்றுவிடுகிறது. இதைப் பார்த்து ரிலே வால்வுக்கு கிட் (புதிய ரப்பர், வாஷர் செட்) போடுவார்கள். உண்மையில் கெட்டது பின் பூஸ்டரின் நடு சீல். ஹேண்ட் பிரேக்குக்கான ஸ்பிரிங் பக்கத்துக் காற்று, கால் பிரேக்குக்கான சர்வீஸ் பக்கம் நுழைந்து ரிலே வழியாக வெளியேறுகிறது. பூஸ்டரைத்தான் மாற்ற வேண்டும். அதன் ஸ்பிரிங் பக்கத்தைப் பட்டறையில் பிரிக்கவே கூடாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, பிரேக் டேங்கிலேயே 'டீ' இணைப்பு வைத்து எடுத்த ஏர் ஹாரன் லைன். பல சுருதியில் பாடும் ஹாரனுக்கு மோட்டார் வாகன விதியில் இடமே இல்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். காற்று வேண்டுமானால் பிரேக்கில் சேராத உதிரிச் சர்க்யூட்டில் எடுக்க வேண்டும். பிரேக் டேங்கில் கை வைத்தால் ஹாரனின் லீக் பிரேக்கின் லீக் ஆகிவிடும்.

டிரையரே சத்தத்தில் பல கோளாறுகளைச் சொல்லிவிடும். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே அடியில் சீறினால், 'புஸ்' என்று காற்றை வெளியே விடும் பர்ஜ் வால்வின் சீட்டில் கரியோ துருவோ சிக்கியிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து கிட் போட்டால் சரியாகும். கட்-ஆஃப் ஆனபின் அரை நிமிடம் வரை மெல்லச் சீறுவது இயல்பு, மணிகள் காய்கின்றன என்று பொருள். ஆனால் நிற்காமல் சீறி, மீட்டரும் கூடவே இறங்கினால் டிரையருக்குள் இருக்கும் ஒருவழி வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது. சில விநாடிக்கு ஒருமுறை 'புஸ் புஸ்' என்றாலும் முதலில் அந்த வால்வைத்தான் பார்க்க வேண்டும். கட்-ஆஃபே ஆகாமல் சேஃப்டி வால்வு வெடித்துத் திறந்தால் கட்-ஆஃப் செய்யும் அன்லோடரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது யாரோ அதன் அழுத்தத் திருகாணியை முறுக்கியிருக்கலாம். 'பிடிப்பு கூடும்' என்று நம்பி 8 கிலோவை 9, 10 ஆக்குகிறவர்கள் உண்டு. பிடிப்பு போதவில்லை என்றால் லைனரையும், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் பாருங்கள். திருகாணி அதற்கு மருந்து ஆகாது.

அடுத்து எண்ணெய். டேங்க் டிரெயினில் கறுப்பு எண்ணெய் வந்தால் 'ரிங் போச்சு' என்று உடனே கம்ப்ரசரை இறக்கிவிடுகிறார்கள். இறக்குமுன் பார்க்க மூன்று விஷயம் இருக்கிறது. ஒன்று, ஏர் ஃபில்டர். கல்குவாரித் தூசு, தாழையூத்து சிமெண்ட் தூசு, ஆரல்வாய்மொழிக் காற்று வாரியடிக்கும் மண் எல்லாம் இங்கே ஃபில்டரை அடைக்கும். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வழி அடைபட்டால் உள்ளே வெற்றிடம் கூடி, நல்ல ரிங்கைத் தாண்டியும் எண்ணெய் மேலே ஏறும். இரண்டு, கம்ப்ரசரிலிருந்து இஞ்சினுக்கு எண்ணெய் திரும்பும் வழி. இதோடு இஞ்சின் கிராங்க்கேஸ் மூச்சுக்குழாய் அடைபட்டாலும் எண்ணெய் கம்ப்ரசருக்குள் தேங்கும். மூன்று, முன்பு சொன்ன அதே லீக். ஓயாமல் ஏற்றும் கம்ப்ரசர் சூடேறி எண்ணெயைத் தள்ளும். குவாரிக்கும் கிரஷருக்கும் இடையே குறுந்தூர ஓட்டம் ஓடும் டிப்பர்களில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும். இவை சரியாக இருந்தும் எண்ணெய் வந்தால் ரிங்கைப் பார்க்கலாம்.

கம்ப்ரசரிலிருந்து டிரையருக்குக் காற்றைக் கொண்டுவரும் டெலிவரி பைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பட்டறைகளில் அதிகம் சீரழிவது அதுதான். கம்ப்ரசர் தலையை விட்டு வரும் காற்றின் சூடு 200 டிகிரியைத் தொடக்கூடும். டிரையர் வாசலுக்கு வரும்போது அது 65 டிகிரி அளவுக்காவது இறங்கியிருக்க வேண்டும். சூடான காற்றிலிருந்து மணிகளால் ஈரத்தை இழுக்க முடியாது. அந்தச் சூட்டை ஆற்றுவது டெலிவரி பைப்பின் நீளம்தான். பைப் உடைந்தால் நடுவில் வெட்டிக் குறுக்குவதும், சாதாரண ரப்பர் ஹோஸைச் செருகிக் கிளிப் அடிப்பதும் நம் பக்கம் சகஜம். குறுக்கிய பைப்பில் காற்று ஆறாது. சாதாரண ஹோஸின் உட்புறம் உரிந்து, துண்டு துண்டாக டிரையருக்குள் போய்ச் சேரும். கம்பெனி நீளத்திலேயே பைப் போட வேண்டும். வழியெல்லாம் டிரையரை நோக்கிச் சரிவாக வர வேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கும், பக்கத்திலேயே கரி படியும்.

டிரையர் பக்கத்து நட்டைக் கழற்றிப் பைப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கரி ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்திருந்தால் பைப்பை மாற்றிவிடுவதே நல்லது. அதை விட்டுவைத்தால் காற்று நெருக்கடிப்பட்டு கம்ப்ரசர் இன்னும் சூடாகும், சூட்டில் இன்னும் கரி படியும். கம்ப்ரசர் ஹெட்டில் வால்வாகத் திறந்து மூடும் ரீட் பிளேட்டும் அதே கரியில் ஒட்டிக்கொள்ளும். காற்று ஏற நேரமாவதற்குப் பெரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

கூலண்ட் விஷயத்தில் ஒரு வீண் செலவைத் தவிர்க்கலாம். கூலண்ட் டப்பாவில் குமிழி பொங்கி வழிந்தால் உடனே இஞ்சின் ஹெட்டைக் கழற்றுகிறார்கள். கம்ப்ரசர் ஹெட்டும் அதே கூலண்டில்தான் குளிர்கிறது. காற்று ஏறும்போது குமிழி வந்து, கட்-ஆஃப் ஆனதும் நின்றுவிட்டால் கோளாறு கம்ப்ரசர் ஹெட் கேஸ்கட்டில் இருக்கிறது. கட்-ஆஃபுக்குப் பிறகும் அதே வேகத்தில் பொங்கினால் இஞ்சின் ஹெட்டைச் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனைக்கு ஸ்பானர்கூட வேண்டாம்.

இங்கே உறைபனி இல்லை, தண்ணீர் இருந்தால் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் வால்வுகளிலுள்ள கிரீஸைக் கழுவிவிடும். டேங்கை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். உப்பு லோடு ஏற்றும் வண்டிகளில் வெளித்துருவும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் ரப்பர் வாஷர்களை ஊத வைக்கும். ஊதிய வாஷரால் ரிலே வால்வு காற்றைத் தாமதமாக வெளியேற்றினால் பின் பிரேக் உரசிக்கொண்டே ஓடி டிரம் சூடேறும். மலை இறக்கத்தில் டிரம் முதலிலேயே சூடாக இருந்தால் பிடிப்பு எங்கிருந்து வரும்? கேரளத்துக்கு லோடு ஏற்றிப் போகிறவர்கள் கோட்டவாசல் தாண்டி ஆரியங்காவு இறக்கம் பிடிக்குமுன் ஒரு நிமிடம் ஒதுங்கி, மேலே சொன்ன 0.2 கிலோ சோதனையைச் செய்துவிட்டுப் போகலாம். இறக்கத்தில் பிரேக்கைத் தட்டித் தட்டி மிதித்தால், தாழ்ந்த இஞ்சின் வேகத்தில் கம்ப்ரசரால் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது. கியரும் எக்சாஸ்ட் பிரேக்கும் வேகத்தைப் பிடிக்கட்டும். காற்று குறைந்ததைச் சொல்லும் பஸ்ஸர் அடித்தால் அங்கேயே ஓரங்கட்ட வேண்டும், 'அடுத்த டீக்கடை வரை' என்று போகக் கூடாது.

செய்யக் கூடாதவை சிலவும் நடக்கின்றன. மணிகளைக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவைப் பூட்டுகிறார்கள். எண்ணெய் ஊறிய மணிகளை வெயிலில் காயப்போட்டு மறுபடி நிரப்புகிறார்கள். எண்ணெய் பிடித்த மணி எந்த வெயிலிலும் உயிர்பெறாது. ஏர் லைனைக் கழுவ டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றுகிறார்கள். இது வால்வு ரப்பர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கெடுக்கும் வழி.

மாற்றும்போது டேங்க் எல்லாவற்றிலும், ரீஜெனரேஷன் டேங்கிலும் காற்றை முழுசாக இறக்கிவிட்டே கார்ட்ரிட்ஜில் கை வைக்க வேண்டும். எம் 39, ஜி 1¼ என்று மரையில் வகைகள் உண்டு. இடது மரையும் உண்டு. பழையதைக் கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். உட்காரும் இடத்தைத் துடைத்து, வாஷரில் மெல்லிசாக கிரீஸ் தடவி, கையாலேயே இறுக்கி, வண்டிக் கையேடு சொல்லும் அளவோடு நிறுத்தவும். சாதாரண ஓட்டத்துக்கு வருஷத்துக்கு ஒன்று போதும். டிப்பருக்கும் சிமெண்ட் வண்டிக்கும் அதற்கு முன்பே தேவைப்படும். எண்ணெய்க் கோளாறு இருந்த வண்டியாக இருந்தால் டேங்குகளைச் சுத்தம் செய்த பிறகே புதியதைப் போட வேண்டும்.

லாரி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய கார்ட்ரிட்ஜைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள். வாயில் கறுப்பு எண்ணெய் வழிந்தால் ஏர் ஃபில்டரிலிருந்து கம்ப்ரசர் வரை பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் இல்லாமல் தண்ணீர் மட்டும் சொட்டினால் லீக்கையும் டெலிவரி பைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடி கொட்டினால் மணிகள் நொறுங்கியிருக்கின்றன. ஒருவழி வால்வையும், அதற்கடுத்து காற்றை நான்கு லைனாகப் பிரிக்கும் நான்கு சர்க்யூட் வால்வையும் திறந்து சுத்தம் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். பச்சையோ ரோஸோ ஆன கூலண்ட் தெரிந்தால் கம்ப்ரசர் ஹெட் கேஸ்கட். ஒன்றுமே இல்லாமல் உலர்ந்து சுத்தமாக இருந்தால், மாற்றச் சொன்னவரிடம் எதற்கு மாற்றினோம் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
கனரக வாகனப் பழுதுபார்ப்போர் சிலர்,
திருநெல்வேலி.