வெள்ளைக்கல் உப்பு இல்லை, பெரியப்பா

அன்புள்ள பெரியப்பா,

போன ஞாயிறு ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும்போது பாப்பா பையிலிருந்து ஒரு வெள்ளைக்கல்லை எடுத்துக் காட்டினாள். "நோவா காலத்து வெள்ளம் வத்தினப்ப தங்கின உப்புன்னு தாத்தா ஞாயிறு பள்ளியில சொன்னாரு" என்றாள். நக்கிப் பார்த்துவிட்டு, "கரிக்கவே இல்லையேப்பா" என்றாள். நேரில் பேசினால் இரண்டு பேரும் குரலை உயர்த்திவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

அது சேலம் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் மேக்னசைட் என்ற கனிமம். மக்னீசியம் மிகுந்த பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, பாறையோடு வினைபுரிந்து, நரம்பு நரம்பாகப் படிந்தது. உப்பாக இருந்தால் ஓர் ஐப்பசி மழைக்குத் தாங்குமா? உருக்காலை உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய உதவும் கல் அது.

சரி, கல்லை விடுங்கள். தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். வானத்தின் கீழுள்ள எல்லா மலைகளும் மூழ்கி, அதற்கு மேலும் 15 முழம் நீர் ஏறியது என்கிறது பைபிளின் ஆதியாகமம். எவரெஸ்ட் உயரம் 8,849 மீட்டர். மழை பெய்ததாகச் சொல்லும் 40 நாளில் அது மூழ்க வேண்டுமானால், மணிக்கு 9 மீட்டருக்கு மேல் நீர் ஏற வேண்டும். காற்றிலுள்ள ஈரம் முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டினாலும் உலகம் முழுக்கச் சுமார் ஓர் அங்குலம்தான் நிற்கும். துருவங்களில் இருக்கும் பனி எல்லாம் உருகினாலும் கடல் 70 மீட்டர் அளவுக்குத்தான் உயரும். சேலமே ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் தோட்டம் 1,500 மீட்டரில். ஆழத்தின் ஊற்றுக்கண்கள் திறந்தன என்பீர்கள். பூமிக்குள் வெகு ஆழத்தில் இருக்கும் நீர் கிணற்று நீர் மாதிரி தேங்கிக் கிடக்கவில்லை, கனிமங்களுக்குள் பிணைந்து கிடக்கிறது. அப்படியே வந்தது என்றாலும், வந்த நீர் எங்கே போனது?

எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி நம் சேர்வராயன் மலைதான். அடியில் இருக்கும் சார்னோக்கைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. உச்சியில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டினார்களே, அது எப்படி வந்தது? மழை பெய்து, வடிந்து, பெய்து, வடிந்து, பாறையிலிருந்த சிலிக்காவை லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கழுவிக்கொண்டு போக, அலுமினியம் செறிந்து மிஞ்சிய மண் அது. நீர் தேங்காமல் வடிந்தால்தான் அது உருவாகும். உலகையே புரட்டிய வெள்ளம் ஒன்று நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முன் ஓடியிருந்தால், மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த மண் எப்படித் தப்பும்?

செடிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காப்பிக்கு நீர் தேங்கினால் வேர் அழுகும் என்று வடிகால் வெட்டுகிறவர் நீங்கள். வெள்ளம் வடியும் வரை ஏறத்தாழ ஓராண்டு உப்பு நீரில் கிடந்த மலையில் எந்த மரம் துளிர்க்கும்?

பைபிளின் வம்ச வரலாற்றிலுள்ள வயதுகளைக் கூட்டி வெள்ளத்தைக் கி.மு. 2350 வாக்கில் வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் மக்கள் வீடு கட்டி, செங்கல் சுட்டு, வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் யாரும் மூழ்கவில்லை.

கதை வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. 1872இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் மெசபடோமியாவிலிருந்து வந்த ஒரு பழங்காலக் களிமண் பலகையில் இதே கதையைப் படித்தார். அதிலும் படகு, மலையில் தட்டுவது, பறவைகளைப் பறக்கவிடுவது எல்லாம் இருக்கிறது. அங்கே யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகள் கரை உடைத்த ஊர்களில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு அதுதான் முழு உலகம். அவர்கள் பட்ட பயம் உண்மை.

எனக்கும் இந்தக் கதையைச் சொன்னவர் நீங்கள்தான். புறா ஒலிவ இலையோடு திரும்பும் இடத்தில் உங்கள் குரல் அடங்கும், இன்னும் காதில் இருக்கிறது. பாப்பாவுக்கும் அப்படியே சொல்லுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் கல்லையும் மண்ணையும் அதற்குச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். அவள் நக்கிப் பார்க்கிற பிள்ளை. நாளைக்குப் பள்ளியில் பாறைப் பாடம் படிக்கும்போது, தாத்தா சொன்ன மற்றதையும் சந்தேகப்படுவாள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் போய்வருவோம். பாப்பா அந்தக் கல்லையும் எடுத்து வருகிறாள். பெரியம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்