மூன்று மணி நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன்.

போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்மா" என்றார். நர்ஸ் வந்து கையிலிருந்த ஊசியைக் கழற்றினார். அம்மா புடவை மாற்றி, தலை சீவி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். நாங்கள் வாசலுக்கு வந்தபோது இரவு எட்டரை.

பதினொன்றரை வரை ஃபைல் மருந்தகத்தில் கிடந்தது. பில் போட்டு முடிக்க ஒரு மணி. இரண்டு மணிக்கு இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டால், "அனுப்பியாச்சு சார்." இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "எங்களுக்கு இன்னும் வரலையே சார்." நாலே முக்காலுக்கு அங்கிருந்து ஒரு கொயரி: நோயாளிக்குச் சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது? அட்மிஷன் அன்று அனுப்பிய படிவத்திலேயே அதற்குப் பதில் இருந்தது. ஆனாலும் டாக்டர் மறுபடி எழுதித் தர வேண்டுமாம். அவரோ ஆபரேஷன் தியேட்டரில். வெளியே வந்து கையெழுத்துப் போடும்போது ஆறேகால். எட்டு மணிக்கு அப்ரூவல் வந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மச்சான், செயினை வச்சுப் பணத்தை அனுப்பு. கட்டிட்டுக் கிளம்புறேன், அப்புறம் க்ளெய்ம் போட்டுக்கலாம்." அவர் சட்டைப் பையில், கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம் என்று கம்பெனி கொடுத்த கேஷ்லெஸ் கார்டு எட்டிப் பார்த்தது.

இதற்கு உங்களிடம் விதி இருக்கிறது, ஐயா. 2024 மே 29 அன்று நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கை அது. கேஷ்லெஸ் கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி. அந்த நேரம் தாண்டியதால் ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் காப்பீட்டு நிறுவனம் அதைத் தன் பங்குதாரர் நிதியிலிருந்து, அதாவது முதலாளிகளின் பணத்திலிருந்து, கொடுக்க வேண்டும். எங்கள் பில்லில் அரை நாள் அறை வாடகை 1,900 ரூபாய் கூடியிருந்தது. அதைக் காட்டி இந்த விதியைச் சொன்னேன். டெஸ்க்கில் இருந்த பையன் பாவம், அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

என் கேள்வி சின்னது. அந்த மூன்று மணி நேரம் எப்போது தொடங்குகிறது? உங்கள் விதிப்படி, ஆஸ்பத்திரியின் கோரிக்கை கம்பெனிக்குக் கிடைத்த நொடியில். அது எப்போது கிடைத்தது என்று ஆஸ்பத்திரி ஒரு நேரம் சொல்கிறது, கம்பெனி வேறு நேரம் சொல்கிறது. கொயரி போட்டால் எண்ணிக்கை நிற்குமா, ஓடுமா என்று இருவருமே சொல்வதில்லை. பிரீமியம் கட்டியவன் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. தாமதம் என்று புகார் எழுத உட்கார்ந்தால் எந்த மணியிலிருந்து தாமதம் என்று எழுதுவது?

பால் பாக்கெட்டுக்கு ஜிபேயில் பணம் போட்டாலே நொடியில் மெசேஜ் வந்து விழுகிறது. லட்ச ரூபாய் பில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியதும் ஒரு எஸ்எம்எஸ், கம்பெனியில் சேர்ந்ததும் ஒன்று, கொயரி போட்டால் ஒன்று. இதைக் கட்டாயமாக்குங்கள். கொயரியில் என்ன கேட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பழைய படிவத்தை நானே ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டியிருப்பேன்.

ஆஸ்பத்திரி எங்கள் அதிகாரத்தில் இல்லை என்பீர்கள். சரிதான். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, பொறுப்பு மாநில அரசுக்கு. ஆனால் கேஷ்லெஸ் கொடுக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியோடும் கம்பெனிக்கு ஒப்பந்தம் உண்டே. கம்பெனி உங்கள் கைக்குள் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முன்பே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பை 4 ஆண்டிலிருந்து 3 ஆக்கினீர்கள். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபணமானால் ஒழிய, "இந்த நோயைப் பாலிசி எடுத்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை" என்று கிளறக் கூடாது என்றீர்கள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் உங்களிடம் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் கடிவாளம் போட்டீர்கள். அம்மாவுக்கு வயது 68. அந்த உத்தரவின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். பெரிய தொகை மறுக்கப்பட்டவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம். ஆனால் 1,900 ரூபாய்க்கு முதலில் கம்பெனிக்கு எழுதி, ஒரு மாதம் பார்த்து, அப்புறம் அங்கே மனுப் போட யாருக்குத் தெம்பு இருக்கிறது? இப்படி விடப்படும் தொகையெல்லாம் யார் கணக்கில் சேர்கிறது என்று நீங்களே பாருங்கள். தாமதமானால் நாங்கள் கேட்காமலேயே அந்தப் பணம் பில்லில் கழிய வேண்டும். எந்தக் கம்பெனி எத்தனை டிஸ்சார்ஜில் மூன்று மணியைத் தாண்டியது என்ற கணக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் இணையதளத்தில் பெயரோடு வரட்டும்.

இன்னொன்று, மொழி. பாலிசியின் சுருக்கத் தகவல் தாளை வாடிக்கையாளர் கேட்டால் அவர் மொழியில் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதே ஏற்பாடு, பில்லில் எதையெல்லாம் தர முடியாது என்று கம்பெனி அனுப்பும் பிடித்தக் கடிதத்துக்கும் வேண்டும். எங்களுக்கு வந்தது ஒன்றரைப் பக்க ஆங்கிலம். கையுறை, பஞ்சு, ஏதேதோ விதி எண்கள். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாஸா ஃபெயிலாடா?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பாலிசிதாரர்