எங்கள் படிப்பறைக்கு மேஜர் சரவணன் பெயர்: உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள தெரு மக்களுக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயர்ப்பலகை ஏறிவிட்டது. 'சமுதாயக்கூடத்துப் பக்கத்து அறை' என்றே இத்தனை நாள் சொல்லிவந்த நம் படிப்பறைக்கு இனி மேஜர் சரவணன் பெயர்.

இதைத் தொடங்கிவைத்தது பிள்ளைகள்தான். கண்டோன்மென்ட்டில் இருக்கும் அவருடைய நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வந்து, "அவர் யாரு சார்?" என்று கேட்டார்கள். கார்கில் போருக்குப் பல வருடம் கழித்துப் பிறந்தவர்கள். தெரிந்ததைச் சொன்னேன். 1999 மே 29, படாலிக் பகுதி. பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். மேலே மலை முகட்டில், பதுங்கு குழியில் எதிரிகள். கீழேயிருந்து ஏறிப்போய் ராக்கெட் லாஞ்சரால் தாக்கினார். காயம் பட்ட பிறகும் பின்வாங்கவில்லை. வயது 26. உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது என்றதும் வகுப்பே அடங்கிவிட்டது. அப்புறம் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்திதான், "நம்ம ரூமுக்கு அவர் பேரு வைக்கலாமா சார்?" என்றாள்.

மனுவைக் கையில் வாங்கியதோடு நிற்காமல், அனுமதி வரும்வரை அலைந்த வார்டு கவுன்சிலருக்கு நன்றி.

ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? அந்த முகடு 14,000 அடிக்கும் மேலே என்று நான் சொன்னபோது அது வெறும் எண்ணாகவே இருந்தது. ஐயா பிள்ளைகளை மலைக்கோட்டைக்கு அழைத்துப்போய், உச்சிப்பிள்ளையார் சன்னதி வரை ஏறவைத்தார். மூச்சு வாங்க நின்றவர்களிடம், "இது 273 அடி. இப்படி ஐம்பது மலைக்கோட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அங்கே காற்றும் குறைவு, முதுகில் சுமை வேறு" என்றார். நான் ஒரு வாரம் பேசியிருந்தாலும் அவ்வளவு பதிந்திருக்காது.

பலகை எழுதிய பெயின்டர் அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார். பெயருக்குப் பக்கத்தில் அவருக்குக் கிடைத்த 'வீர் சக்ரா' விருது விட்டுப்போனது என்று ஐயா சொன்னதும், முகம் சுளிக்காமல் முழுப் பலகையையும் அழித்து மறுபடி எழுதினார். மகளிர் குழு அக்காக்கள் தந்த பீரோவில் இப்போதே மூன்று தட்டு நிறையப் புத்தகம் சேர்ந்திருக்கிறது. திறப்பு அன்று எல்லோருக்கும் டீ கொடுத்த முனைக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

படிப்பறை மாலை 5 மணிக்குத் திறக்கும். வீட்டில் படித்து முடித்த புத்தகம் இருந்தால் கொண்டுவாருங்கள். நாலாவது தட்டு காலியாக இருக்கிறது.

அன்புடன்,
மாலை வகுப்பு ஆசிரியர், திருச்சி