வாளியை வைத்துவிட்டுப் போகச் சொன்ன ஆச்சிக்கு

போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமுக்குள் இருந்து 2009 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இப்போது வவுனியாவில் உறவினர் வீடொன்றில், கதவு பூட்டக்கூடிய ஒரு அறையில் இருந்து இதை எழுதுகிறேன். டிசம்பரில் வெளியே போய்வர விட்டதும் முதலில் செய்ய நினைத்த வேலை, உதவினவர்களுக்கு இப்படி நன்றி எழுதுவது. அம்மா, ஒவ்வொருத்தரிடமும் நேரே போய்ச் சொல்வதுதான் முறை என்கிறா. எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அல்லவா போவதற்கு?

எங்கே இருந்து எங்கே ஓடினோம், யார் யார் வந்து சேரவில்லை என்பதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. வாசிக்கிற உங்களில் பலருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு மடலில் சொல்லி முடியாது. என் பெறுபேற்றையும் எழுதமாட்டேன். நல்லதென்றால் அதற்காகத்தான் நன்றி சொல்கிறேன் என்று ஆகிவிடும், கூடாதென்றால் எனக்கு நானே ஆறுதல் சொல்கிற மாதிரி ஆகிவிடும். பெறுபேறு எப்படி இருந்தாலும் இந்த மடல் இப்படியேதான் இருந்திருக்கும்.

முதலில் எங்களுடைய ஆசிரியர்கள். அவர்களும் எங்களைப் போல கையில் ஒரு பையோடு வந்தவர்கள்தான். இரசாயனவியல் சேர், வெண்கட்டி இல்லாமல் கரித்துண்டால் தகரத்தில் சமன்பாடு எழுதினார். தருமபுரத்திலும் விசுவமடுவிலும் பாதியில் நின்றுபோன பாடத்திட்டத்தை, எந்தப் பிள்ளை எந்த அலகில் விட்டது என்று ஒவ்வொருவராகக் கேட்டு, திரும்பத் தொடங்கினார்கள். அடையாள அட்டை தொலைந்த பிள்ளைகளுக்காகப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதிபர், கடந்தகால வினாத்தாள்களைப் போட்டோக்கொப்பி எடுத்து அனுப்பிய வவுனியா மாணவர்கள், ஓகஸ்ட் மழையில் கொட்டிலுக்குள் வெள்ளம் வந்தபோது தங்கள் உடுப்புப் பையை விட்டுவிட்டு என் கொப்பிகளைத் தலையில் தூக்கி வைத்த பக்கத்துக் கொட்டில் அண்ணாவும் அக்காவும், பரீட்சை மண்டபத்தில் மணிக்கூடு இல்லை என்று கண்டதும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசையில் நிமிர்த்தி வைத்த மேற்பார்வையாளர், எல்லோருக்கும் என் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கோபிக்காதீர்கள். வேலி ஓரத்து வெளிச்சத்தில் ஒன்றாக இருந்து படித்த பிள்ளைகளுக்கு நன்றி சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் சொல்லவில்லை.

எங்கள் வலயத்துக்கு அருணாசலம் என்று பெயர். சேர் பொன்னம்பலம் அருணாசலம். இலங்கைக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே பாடுபட்டவர் என்று எங்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் வந்தது. அவருடைய பெயர் வைத்த முகாமில், தறப்பாளுக்குக் கீழே வியர்த்துக்கொண்டு, பல்கலைக்கழகம் போவதற்குப் படித்தோம். சமூகக்கல்வி ரீச்சர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. எங்களுக்கும் சிரிப்பு வரும், அப்புறம் வராது.

சரி, ஆச்சிக்கு வருகிறேன்.

முகாமில் பரீட்சைக்குப் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், என்ன குறைவாக இருந்தது என்று. புத்தகம் என்று சொல்லமாட்டார்கள். புத்தகம் எப்படியோ கைமாறிக் கைமாறி வந்தது. நேரம்தான் இல்லை. காலையில் தண்ணீர் வரிசை, பிறகு சாப்பாட்டு வரிசை, மருந்துக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. இதில் தண்ணீர் வரிசைதான் ஆளைத் தின்னும். தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வண்டி எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. விடிய முன்னமே வாளிகளும் கான்களும் நீளத்துக்கு அடுக்கியாகிவிடும். வாளியை வைத்துவிட்டுப் போய் வரலாம் என்று நினைத்தால், திரும்பி வரும்போது வாளி வரிசைக்கு வெளியே குப்புறக் கிடக்கும். அம்மாவுக்குக் கால் இயலாது. தம்பி சின்னவன், தூக்கினால் பாதி வழியில் பாதித் தண்ணீர் நிலத்துக்குப் போய்விடும். ஆகவே நான்தான்.

நான் கொப்பியையும் கொண்டுபோய் வரிசையில் நின்று படிப்பேன். படிப்பேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வரி வாசிக்க யாராவது முண்டுவார்கள், வாளியைக் காலால் முன்னுக்குத் தள்ள வேண்டும், திரும்பக் கண்ணை எடுத்துக்கொண்டு போனால் அந்த வரி எங்கே என்று தெரியாது. எனக்கு முன்னால் ஒரு ஆச்சி. மெலிந்த ஆள், வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுருக்கிக் கட்டின வாயோடு நிற்பா. ஒருநாள் திரும்பிப் பார்த்துக் கேட்டா:

"வாளியப் பாக்கிறியோ, கொப்பியப் பாக்கிறியோ? ரெண்டில ஒண்டைப் பார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆச்சி அதைக் கவனித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. என் வாளியைத் தன் வாளிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, மடியில் இருந்து ஒரு சிவப்புத் துணிக் கீலத்தை எடுத்து வாளிக் காதில் முடிந்தா. "உங்கை நிண்டு என்ன செய்யப் போறாய்? வச்சிட்டுப் போ. நான் இஞ்சதானே நிக்கிறன்" என்றா.

அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். அடுத்த நாள் நான் வாளியோடு போக, "வச்சிட்டுப் போ" என்றா. அதற்கு அடுத்த நாளும். பவுசர் வந்ததும் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்புவா, நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். சில நாள் ஆச்சியே கொட்டில் வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவா. பரீட்சை முடியும் வரைக்கும் இதுதான் நடந்தது. எத்தனை மணித்தியாலம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு முழுப் பாடத்தை நான் அந்த நேரத்துக்குள்தான் படித்து முடித்தேன் என்பது மட்டும் தெரியும்.

ஆச்சி இதைச் சும்மா செய்தா என்று நினைக்காதீர்கள். கூலி வாங்கினா. பின்னேரம் வெய்யில் தணிய எங்கள் கொட்டில் வாசலில் வந்து குந்துவா. "சொல்லு, இண்டைக்கு என்ன படிச்சனீ?" நான் படித்தேனா, படுத்துக் கிடந்தேனா என்று பார்க்கிற சோதனை அது. முதல் நாள் ஏதோ பாடமாக்கினதை ஒப்பித்தேன். "எனக்கு விளங்கேல்ல. உனக்கு விளங்கினதோ?" என்று கேட்டா. அதற்குப் பிறகு ஆச்சிக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் கவனமாகப் படிக்கத் தொடங்கினேன். எந்த ரியூசனிலும் என்னை இப்படி ஒருவரும் விசாரித்ததில்லை.

ஆச்சி மாந்தைப் பக்கம். வயல் செய்த குடும்பம். எழுத்து வாசிப்பா, ஆனால் கண்ணாடி வழியில் எங்கேயோ விழுந்துபோய்விட்டது. ஒருநாள் நான் நைதரசன் பதித்தலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரையினத் தாவரங்களின் வேர்ச்சிறுகணுக்களில் இறைசோபியம் என்ற பற்றீரியா இருக்கிறது, அது காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்று. ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினா.

"உழுந்து புடுங்கேக்க வேரில முத்து முத்தா இருக்குமே, அதைத்தானே சொல்லுறாய்?"

"ஓம் ஆச்சி."

"நசிச்சுப் பாத்தா உள்ளுக்குச் சிவப்பா இருக்கும்."

அது புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்தது. வேலை செய்கிற சிறுகணுவின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும், காரணம் லெக்கீமோகுளோபின். நான் அந்தப் பெயரை மட்டும் பாடமாக்கியிருந்தேன், நிறத்தைக் கண்டதில்லை. வன்னிக்கு யூரியா வர விடாத காலத்தில், உழுந்தும் பயறும் போட்டெடுத்த தறையில் அடுத்த போகம் நெல்லை விதைத்ததாகவும், அதில் பயிர் கருகருவென்று நின்றதாகவும் ஆச்சி சொன்னா. நான் அதைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை, அது வேறு கதை.

மென்டல்தான் ஆச்சிக்குப் பிடிக்கவில்லை. மடத்தில் இருந்த ஒரு துறவி, பட்டாணிச் செடிகளை எட்டு வருசம் வளர்த்து, எது நெட்டை எது குட்டை என்று எண்ணி எண்ணி எழுதி வைத்து விதிகளைக் கண்டுபிடித்தார் என்றேன். 1856 தொடக்கம் 1863 வரைக்கும் என்று வருசத்தையும் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டா: "எட்டு வருசம் அந்தச் செடியளுக்குத் தண்ணி ஆர் அள்ளினது?"

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் சிரித்தேன், அம்மா சிரித்தா, ஆச்சி சிரிக்கவில்லை. பதில் வேண்டும் என்று உண்மையாகவே காத்திருந்தா.

வவுனியாவுக்கு வந்த பிறகு ஒருவர் என்னிடம், "உங்களுக்கென்ன, பின்தங்கிய மாவட்டம், வெட்டுப்புள்ளி குறைவு" என்றார். நல்ல மனுசர்தான், ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைக்கிறேன். வெட்டுப்புள்ளி என்றால் பல்கலைக்கழகம் நுழைய எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி. எங்கள் விஞ்ஞானப் பிரிவுக்கான பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த ஐந்தை எத்தனையோ மாவட்டங்கள் பங்கு போடுகின்றன. எனக்குச் சண்டை பிடிக்க விருப்பமில்லை. ஆனால் தண்ணீர் வரிசையை இதில் எந்த வீதத்தில் சேர்ப்பது என்று கேட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. எனக்குக் கிடைத்த உண்மையான சலுகை ஒரு கிழவி விடியப்புறத்தில் எழும்பினதுதான். எங்கள் வரிசையிலேயே என் வயதுப் பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு ஆச்சி நிற்கவில்லை. அதை நினைக்கத்தான் இன்னமும் மனம் ஒரு மாதிரி இருக்கிறது.

அதனால் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். 2010 ஓகஸ்டில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் சிலர் இன்னும் முகாமில்தான் இருக்கிறார்கள். சிலர் கூரை போன ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள், நானும் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் முதலில் அவர்கள் செய்கிற வேலை ஒன்றைக் கையில் வாங்குவேன். இந்த ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருக்கிறாள், வருகிற வருசம் ஏ.எல். தகப்பன் இல்லை. கிழமைக்கு ஒருக்கால் நிவாரணம் எடுக்க அவளுடைய அட்டையையும் நான் கொண்டுபோகிறேன். முதல் நாள் வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று நின்றாள். "நீ நிண்டு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன். பின்னேரம் போய் என்ன படித்தாய் என்றும் கேட்கிறேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. பரவாயில்லை.

ஆச்சி பரீட்சைக்குப் பிறகு போய்விட்டா. வயதானவர்களை உறவினர் பொறுப்பில் விட்டபோது, பெறாமகள் ஒருத்தி வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போனா. எங்களிடம் வந்து "போட்டு வாறன்" என்றா. நாங்களும் "ஓம் ஆச்சி, போட்டு வாங்கோ" என்றோம். அவ்வளவுதான். அந்த இடத்தில் நன்றி என்று நான் வாயெடுத்திருந்தால், இவளுக்கு என்ன பிடித்தது என்று பார்த்திருப்பா. முகவரியும் கேட்கவில்லை. மாந்தைப் பக்கம் மீளக் குடியேறுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது. பெயரை இங்கே போடவில்லை, ஆச்சிக்கு அது விருப்பமில்லாமல் இருக்கலாம். ஆனால் அருணாசலத்தில் தண்ணீர் வரிசையில் சிவப்புத் துணி கட்டின இரண்டு வாளிகளோடு நின்ற ஆச்சியை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், இதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கண்ணாடி இன்னும் எடுத்திருக்கமாட்டா. கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள், நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பா, பொறுமையாக இருங்கள்.

ஆச்சி, போகிறதுக்கு முதல் நாள் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒரு வருசம் முறியக் காய்த்தால் அடுத்த வருசம் ஏன் காய்க்குதில்லை என்று. எனக்கு அப்போது தெரியாது. இப்போது ஒரு சேரைக் கேட்டு அறிந்துகொண்டேன். நிறையக் காய்க்கிற வருசம் மரம் சேர்த்து வைத்த மாப்பொருள் முழுக்கக் காய்க்கே போய்விடுமாம். அதோடு அந்தக் காய்களின் விதைகளில் இருந்து வருகிற ஜிபரெலின் என்ற ஒரு பதார்த்தம், அடுத்த வருசத்துப் பூ மொட்டு உருவாகவும் விடாதாம். நோயும் இல்லை, கண்ணூறும் இல்லை. மரம் நிற்கிறதோ என்று பார்த்து, நின்றால் அடுத்த கேள்வியைச் சொல்லி அனுப்புங்கோ.