கோல் காவலருக்கும் பயிற்சி வேண்டும்

மலேசிய ஹாக்கியை நடத்தும் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவோடு 2-2, பிறகு ஷூட்அவுட்டில் 7-6 என்று வென்றோம். கோல் காத்தவர் நம் குமார் சுப்பிரமணியம், அப்போது அவருக்கு வயது 38. ஷூட்அவுட்டில் காவலர் ஒருவரை மட்டும் எதிர்த்துப் பந்தோடு வருகிறவருக்குக் கோல் போட 8 விநாடிதான். காவலர் கோட்டிலேயே நின்றால் 3.66 மீட்டர் அகலமும் திறந்து கிடக்கும். முன்னேறி வந்தால் கோணம் சுருங்கும், ஆனால் ஒரு நொடி முந்தி விழுந்தாலும் வந்தவர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். எப்போது விழுவது என்பது வருடக்கணக்காக அடி வாங்கினால்தான் பிடிபடும். குமார் நாட்டுக்காக 300 ஆட்டங்களுக்கு மேல் நின்றவர். இறுதி ஆட்டத்தில் ஜப்பானோடு 6-6 வரை போய் ஷூட்அவுட்டில் தோற்றோம். தங்கம் கிடைத்திருந்தால் நேராக டோக்கியோ ஒலிம்பிக். 2000 சிட்னிக்குப் பிறகு நம் ஆண்கள் அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை என்பது இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

அத்தனை அனுபவமும் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேரும்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

கோலாலம்பூர் செந்தூலில் மாலை நேரத்தில் நாங்கள் பழக்கும் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கோல் காப்பதில்தான் ஆசை. பயமே இல்லாத பிள்ளை. ஆனால் எங்களிடம் இருப்பது பெரியவர்கள் போட்டுப் பழசான, காலில் கட்டும் பேட். வாரை எவ்வளவு இறுக்கினாலும் ஓடும்போது பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. ஹெல்மெட் ஆடாமல் இருக்க உள்ளே துண்டை மடித்து வைக்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு, கோலை நோக்கிப் பந்தை ஓங்கி அடிக்கும் பெனால்டி கார்னருக்கு நிற்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மற்ற பிள்ளைகள் மட்டையும் காலுறைக்குள் ஒரு தடுப்பும் இருந்தால் விளையாடிவிடுவார்கள். இவளுக்கோ ஹெல்மெட், கழுத்துக் காப்பு, மார்புக் காப்பு, இரண்டு கைக்கும் தனித்தனிக் காப்பு, பேட், காலணிமேல் மாட்டும் கிக்கர் எல்லாம் வேண்டும். எந்தப் பெற்றோரால் முடியும்?

சிறுவர் அளவில் இந்தச் சாமான்களை வாங்கி, வட்டாரத்துக்குச் சில செட் என்று இரவல் கொடுங்கள். அப்புறம், ஓய்வு பெற்ற தேசியக் காவலர்களை மாதம் ஒரு முறையாவது இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அழையுங்கள். அவர்களுக்கு முறையான சம்பளமும் கொடுங்கள். சேவை என்று சொல்லிச் சும்மா வரவழைக்க வேண்டாம். புக்கிட் ஜாலில் ஹாக்கித் திடலில் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கினால் போதும். பிள்ளைகளைக் கூட்டி வருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
செந்தூல் பயிற்றுநர் ஒருவர்