கத்திச்சண்டைப் படம்தானே என்று தள்ளிவிட்டவர்களுக்கு

சேலத்துத் திரையிடல் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த திரையிடலுக்கு 1982-இல் வந்த 'கோனன் தி பார்பேரியன்' படத்தைப் பரிந்துரைத்திருந்தேன். அர்னால்டு உடம்பைக் காட்டும் கத்திச்சண்டைப் படத்தில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டு முடித்துவிட்டீர்கள். வேறு ஊராக இருந்தால் நானும் விட்டிருப்பேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் வளைவைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் இப்படிச் சொல்லலாமா? விடுகதைக்கு விடை தெரியாதவன் தலையை வாங்கும் 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி' 1947-இல் இங்கிருந்து வந்த படம். 1956-இல் கேவா கலரில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உங்கள் தயக்கத்துக்கு ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். நம் ராஜா ராணி படங்கள் வசனத்தில் நின்றவை. 1950-இன் 'மந்திரி குமாரி'யைக் கருணாநிதியின் வசனத்துக்காகவே பார்த்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் காதோடு உட்கார்ந்தால் நாயகன் அதிகம் வாய் திறக்காத படம் வெறும் கூடாகத்தான் தெரியும். ஆனால் இயக்குநர் ஜான் மிலியஸ் தெரிந்தேதான் பேச்சைக் குறைத்திருக்கிறார். கதை சொல்லும் பொறுப்பு பாசில் போலடூரிஸின் இசைக்குப் போய்விடுகிறது.

கோனன் சிறுவனாக இருக்கும்போது அவன் ஊர் அழியும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பனிக்குள்ளிருந்து குதிரைகள் பாய்ந்து வருகின்றன. முரசும் கோரஸும் முழங்குகின்றன. எல்லாம் எரிந்து முடிந்த பிறகு, ஒரு கையில் வாளும் மறு கையில் மகனுமாக நிற்கும் தாயின் எதிரே வில்லன் துல்சா டூம் வந்து நிற்கிறான். அந்த வேடத்தில் நடிக்கும் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் எவ்வளவு பெரிய குரல்காரர்! அவருக்கே இங்கே ஒரு வார்த்தை கிடையாது. பார்வையாலேயே அவளைக் கட்டிப்போடுகிறார். அவள் வாள் தாழ்கிறது. போகிறவன் போலத் திரும்பி, ஒரே வீச்சு. நமக்கு மனதில் நிற்பது சிறுவனின் கையைவிட்டு அம்மாவின் கை நழுவுவதுதான். பையன் தன் கையைப் பார்க்கிறான். அழுகை இல்லை, வசனம் இல்லை. எந்த வில்லனுக்கும் இதைவிட நல்ல அறிமுகத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்து அந்தச் சக்கரம். அடிமைகளாகப் பிடித்துச் சங்கிலியில் பூட்டிய பிள்ளைகள் அதைத் தள்ளிக்கொண்டு செக்குமாடுகளாகச் சுற்றுகிறார்கள். பருவங்கள் மாறுகின்றன, தள்ளுகிறவர்கள் குறைகிறார்கள். கடைசியில் ஒருவன் மட்டும் தலை நிமிர்கிறான்: அர்னால்டு. நீங்கள் கிண்டல் செய்த அந்த உடம்பு எப்படி வந்தது என்பதற்குப் படமே சொல்லும் பதில் அது. நம்மூர்ப் படங்களில் சைக்கிள் ஓட்டியபடியே பையன் பெரியவனாவானே, அதே உத்திதான். இங்கே வலியோடு வந்திருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. ராட்சதப் பாம்பு இன்றைக்குப் பொம்மையாகத்தான் தெரிகிறது. பெண்களைக் காட்டும் விதம் பல இடங்களில் எரிச்சல். நாயகனின் காதலி வலேரியாவாக வரும் சாண்டால் பெர்க்மன் மட்டும் விதிவிலக்கு. நடனக்காரர் என்பதால் வாள் அவர் கையில் லாகவமாக வருகிறது, நாயகனைவிட நன்றாகவே. இதையெல்லாம் படம் முடிந்ததும் உட்கார்ந்து திட்டுவோம். திட்டவாவது ஒருமுறை போட வேண்டும் அல்லவா?

சரி, போடுவதாக முடிவெடுத்தால் ஒரே ஒரு வேண்டுகோள். லேப்டாப் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். நல்ல ஒலிபெருக்கி வாடகைக்கு எடுங்கள், அந்தச் செலவு என்னுடையது. வரவேற்புரை, நன்றியுரை எல்லாவற்றையும் படத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் திரையிடல்களில் கடைசி வரிசையில் உட்காரும் ஒருவன்